கடைமடைக்குத் தண்ணி வர்ற நேரம்

உக்காருங்கணா, இன்னா அவசரம். பஸ்ஸு ஸ்டேரிங் உங்க கையில. நீங்க ஏறாம அது எங்க போய்டும்? கண்டக்டர் வேணு விசில் ஊதுனா ஊதட்டும், அவனுக்கும் பொழுது போகணுமில்ல. இந்தாங்க, போண்டா. இப்பதான் எண்ணெய்லேர்ந்து எடுத்தேன், சட்னியத் தாராளமா ஊத்திக்குங்க.

இந்த ரூட்டுக்கு நீங்க புதுசுதானே? அதான் கேட்டேன். எங்க ஊரு உங்க வழியிலதான். கீழ்பென்னாத்தூர் தாண்டுனா ஒரு ஏரி வரும் பாருங்க, ரோடே கரை மேல போவும், அந்த ஊரு. என் பேரு ரேணுகாம்பாள். இங்க திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுல டீக்கடை எனக்கு, அங்க நெலம் எங்க வீட்டுக்காரருக்கு. கடைமடை அப்பாதுரைன்னு கேட்டா சின்னப் புள்ளைங்ககூட சொல்லும். ஐயே, பட்டமெல்லாம் இல்லீங்க. ஏரி வாய்க்கால் எங்க முடியுதோ அங்கதான் எங்க கழனி.

ஆமாங்க, சிரிச்சுகினேதான் இருக்கேன். காலையிலேர்ந்து இப்டித்தான், நிக்க முடியல, உக்கார முடியல, ஒரு டீயில சக்கரைக்கு பதிலா உப்பப் போட்டுட்டேன். உங்க டீ இல்லீங்க, பயப்படாதீங்க.

இன்னிக்கு எங்க முறைங்ணா. இந்த வருசம் மழ கம்மி, ஏரில பாதி சேறு. ஊர் கூடி முறை வச்சுட்டாங்க, ஒருத்தர் பாய்ச்சறப்ப இன்னொருத்தர் மடைல கை வைக்கக் கூடாது. எங்க நெல்லு பால் புடிச்சு நிக்குது. இன்னிக்கு ஒரு தண்ணி கழனி முழுக்கப் பாஞ்சுட்டா வருசம் பூரா சோறு. பாயலைன்னா பதருதான், மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

முறை எல்லாருக்கும் ஒரே அளவு. கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா தலைமடை கோதண்டராமன் மண்வெட்டிய வச்ச ஒடனே அவரு கழனில தண்ணி. எங்களுக்கு? மதகுலேர்ந்து பொறப்பட்டு, காஞ்ச வாய்க்கால நனைச்சு, நண்டு வளையெல்லாம் ரொப்பி, மிச்சம் மீதி மெதுவா வந்து சேரும். அதுக்குள்ள பாதி முறை போய்டும். வாய்க்கால் குடிச்ச தண்ணி யாரு கணக்குன்னு பஞ்சாயத்துல கேட்டேன். பொம்பளைக்கு இன்னா தெரியும்னு கேட்டாருங்க கோதண்டராமன்.

இருங்க இருங்க, கை கழுவத் தண்ணி மோந்து தரேன். டைம் கீப்பரா? தோ, அவரும் என் மசால்வடையத்தான் தின்னுகினு இருக்காரு.

முறை எப்ப முடியும்னா, மொதல்ல வாச்சப் பாத்துத்தான் மாத்துனாங்க. கோதண்டராமன் வாச்சு ஒரு நேரம் காட்டும், எங்க வீட்டுக்காரரு வாச்சு ஒரு நேரம் காட்டும். அடிதடி ஆய்டுச்சு. அப்புறம் பெரியவங்க யோசிச்சு, யாரும் கையால திருப்ப முடியாத ஒண்ண வச்சாங்க. உங்க பஸ்ஸுங்ணா. நீங்க ஏரிக்கரை தாண்டுனா எங்க முறை முடிஞ்சுது. அடுத்த முறை கோதண்டராமனுது. மண்வெட்டியத் தோள்ல வச்சுகினு, இந்நேரம் கரை மேல நின்னு உங்க வழியத்தான் பாத்துகினு இருப்பாரு.

இன்னாங்ணா, எழுந்தவரு அப்டியே உக்காந்துட்டீங்க?

சரி, ரெண்டாவது டீக்குச் சக்கரை ஜாஸ்தியா, கம்மியா?