லைற் எரியுது, சுவிச்சு நல்லம்

நீ வாயை மூடிக்கொண்டு நிண்டால் மோட்டர் தன்பாட்டிலை ஓடும். கேட்டனீரே தம்பி, படலையாலை போகேக்கை என்ரை மனுசன் சொல்லிப்போட்டுப் போனதை? நான் கதைச்சுத்தான் மோட்டர் நிண்டதாம். கலியாணம் கட்டின நாளிலை இருந்து கதைக்கிறன், அந்த மனுசனே இன்னும் நிக்கேல்லை.

மோட்டர் திருத்தவெண்டு வேலணையிலை இருந்து வெயிலுக்குள்ளை வந்தனீர், முதல் தேத்தண்ணியைக் குடியும். சீனி காணுமோ? காணாட்டிலும் குடியும்.

இது பங்குக் கிணறு. அங்காலை இவற்றை, அதுதான் என்ரை மனுசன்ரை, தம்பி ஆரூரன்ரை வளவு. வேலி வந்து கிணத்துக் கட்டிலை முட்டி, மற்றப் பக்கத்தாலை வெளிக்கிட்டுப் போகுது, பாரும். ஒரு மோட்டர்தான் ரெண்டு வீட்டுத் தொட்டிக்கும் தண்ணி ஏத்துறது. ஆனா போன தேர்த் திருவிழாவோடை அண்ணனும் தம்பியும் கதைக்கிறேல்லை. ஏனெண்டோ? கோயில் மடத்திலை இவர் வாயைப் பிளந்துகொண்டு நித்திரை கொண்டதை அவன் படமெடுத்துக் குடும்ப வட்சப்பிலை போட்டிட்டான். கனடாவிலை இருக்கிற சனமெல்லாம் சிரிச்சுப்போட்டுது. சிரியும், நீரும் சிரியும். எனக்குத்தான் சிரிக்க ஏலாது. மகள் பிரியவதனிக்கு ஆவணியிலை கலியாணம். அண்ணை வந்து வாயாலை கூப்பிட்டால்தான் வருவானாம் அவன். தம்பியா வந்து மன்னிப்புக் கேக்கட்டுமாம், இவர். சித்தப்பா இல்லாட்டி மணவறையிலை இருக்கமாட்டன் எண்டு பிள்ளை நிக்கிறாள்.

மோட்டருக்கு வாறன், பொறுமன்.

அது நிண்ட அண்டு ரெண்டு பேரும் கிணத்தடிக்கு வந்தவை. ஆளோடை ஆள் கதைக்கேலாது, அப்ப மோட்டரோடை கதைச்சவை. மோட்டரே, உனக்குள்ளை காத்துப் போட்டுது, ஒரு வாளி தண்ணி ஊத்தினால் சரி, எண்டார் இவர். மோட்டரே, உந்தக் கதையைக் கேட்டியெண்டால் நீ உருப்படமாட்டாய், அடிவால்விலைதான் பிழை, எண்டான் அவன். நடுவிலை நான், குடத்தோடை.

தண்ணி ஊத்தினவை. வால்வைக் கழட்டினவை, ஒரு தவளை வந்தது. காத்தாடியை ஸ்குரூ டிரைவராலை சுத்தினவை. கனடா மச்சானுக்கு வீடியோ எடுத்தவை. அவர் அங்கை பஸ் ஓடுறவர், கியரைப் பாருங்கோ எண்டார். பேந்து இவர் வயரிலை கையை வைக்கப் போனார். அண்ணை, கையை எடுங்கோ, எண்டு கத்தினான் அவன். எனக்குத் தெரியும், எண்டார் இவர். தேருக்குப் பிறகு நேருக்கு நேர் கதைச்ச முதல் கதை அது. அடுப்பிலை குழம்பு அடிப்பிடிச்சுது, நான் அசையேல்லை.

உம்மைக் கூப்பிட்டது ஆரூரன்ரை மனிசி துஷாந்தி. தண்ணி அள்ளி அள்ளி அவளுக்கு இடுப்புப் போட்டுது, பாவம். மெக்கானிக் வாறார் எண்டோன்ன இவை ரெண்டு பேருக்கும் ரோசம். உமக்கு முன்னம் தாங்கள் திருத்தோணுமெண்டு மோட்டருக்குப் புதுக் கப்பாசிற்றர் வாங்க ஊர்காவற்றுறைக்குப் போட்டினம். ஒரே மோட்டச்சைக்கிளிலை, தம்பி. பின்னாலை இருந்தது இவர்.

அந்தச் சுவிச்சுப் பெட்டியையோ திறக்கப்போறீர்? அது வேண்டாம். லைற் எரியுது, சுவிச்சு நல்லம். இந்த நாலு நாளிலை ரெண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விசயம் அதுதான். சொல்லச் சொல்லத் திறக்கிறீர்.

என்ன, குனிஞ்சு உள்ளுக்கை பாக்கிறீர்?

ஓம். பல்லிதான். ரெண்டு தகட்டுக்கும் நடுவிலை போய்ச் செத்துக் கிடக்குது. முதல் நாளே பாத்திட்டன். தகடு ரெண்டும் தொட்டால்தான் கறண்ட் போகுமெண்டு கொன்வென்ற்றிலை சிஸ்ரர் எமிலி அடிச்சு அடிச்சுப் படிப்பிச்சவ.

எடுக்காதையும். கையை எடும். நேற்றுப் பின்னேரம் இவர் தம்பியைப் பாத்து, ஆவணியிலை உனக்கு வேலை கூடவோ எண்டு கேட்டவர். அதுக்கு மேலை வாய் வரேல்லை, மிச்சம் தொண்டையிலை நிக்குது. இன்னும் ஒரு நாள் காணும், கலியாணத்துக்கு வா எண்ட மிச்சமும் வந்திடும்.

மோட்டச்சைக்கிள் வருகுது. மூடியைப் பூட்டும், தம்பி. பிழை பெரிசு, தனி ஆளாலை ஏலாது, அண்ணனும் தம்பியும் சேந்து நிண்டுதான் பாக்கோணும் எண்டு சொல்லிவிடும். சொல்லுவீரோ? தம்பி?