முதல் மழைச் செய்தி எந்த ஊருக்கு?

இந்தப் பேரவையைத் தலைமையேற்று நடத்தும் நம் உழவர் நிறுவனத் தலைவர் சுந்தரமூர்த்தி ஐயா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் இயக்குநர்களே, செஞ்சியிலிருந்தும் சிங்கவரத்திலிருந்தும் தொண்டூரிலிருந்தும் களத்து வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, கடலைச்செடி பிடுங்கிய கை காய்வதற்குள் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் வளர்மதியின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும் உரியது.

கேட்கிறதா? 'கேக்கல' என்று பின்னாலிருந்து பதில் வருகிறது. அப்படியென்றால் கேட்கிறது.

மேடை எனக்குப் புதிது. ஆனாலும் ஒரு தீர்மானம் கேட்க வந்திருக்கிறேன். போன ஐப்பசியில் பெய்த மழை சொல்லாமலா வந்தது? இல்லை, சொல்லிவிட்டுத்தான் வந்தது. வானிலைத் தகவல் நம் கணினிக்கு வந்து சேர்ந்திருந்தது. அங்கிருந்து யார் செல்போனுக்கும் அது செய்தியாகப் போகவில்லை, தொண்டூர் மீனம்பாள் அக்காவுக்கும் போய்ச் சேரவில்லை. அவர் விதைக்கென்று காயவைத்திருந்த கடலை நனைந்து, பாதி முளைத்தது, பாதி பூஞ்சை பிடித்தது. அடுத்த பட்டத்துக்கு அவர் வெளியில் விதை தேடி அலைந்தார். இந்த வருட விதைக்கடலையும் இப்போது அவர் களத்தில்தான் காய்கிறது.

ஏன் போய்ச் சேரவில்லை? நிறுவனம் தொடங்கிய நாளில் நாம் ஒரு முடிவு எடுத்தோம். முதல் மரியாதை எந்த ஊருக்கு என்ற வழக்கில் திருவிழாவே நின்றதைப் பார்த்தவர்கள் நாம். அன்று இயக்குநர் தனகோட்டி மாமா எழுந்து சொன்னார்: "ஒரு ஊருக்கு முன்ன போயி, இன்னொரு ஊருக்குப் பின்ன வந்தா, பின்ன இருக்கறவன் இன்னா எளக்காரமா? அனுப்புனா எல்லாருக்கும் ஒண்ணா அனுப்புங்க." நியாயமான பேச்சு. எல்லோரும் கைதட்டினோம்.

அந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டே கணினிக்கு நிரல் எழுதப்பட்டது. ஒவ்வொரு வயலுக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரி என்று தகவல் லட்சக்கணக்கில் வரும். அத்தனையையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டும், அத்தனையையும் கணக்கிட வேண்டும், அதற்குப் பிறகே முதல் செய்தி கிளம்ப வேண்டும். போன ஐப்பசியில் பாதியிலேயே நினைவகம் நிரம்பி, தளம் நின்றுவிட்டது. சேர்த்து வைத்ததெல்லாம் சேர்ந்தே போனது.

கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் ஒரு தொட்டியில் இறைத்து வைத்துவிட்டுத்தான் முதல் பாத்திக்கு மடை திறப்பேன் என்று நம்மில் யாராவது சொல்வோமா? வருகிற தண்ணீரை வரவரப் பாய்ச்சுகிறோம். கணினியிலும் அப்படி ஒரு முறை இருக்கிறது. ஸ்ட்ரீம் என்பார்கள். கொஞ்சம் வாங்கு, வாங்கியதைக் கணக்கிடு, கணக்கிட்டதை அனுப்பு, அனுப்பியதை விட்டுவிட்டு அடுத்ததை வாங்கு! மலையளவு தகவலும் ஒரு சின்னக் கணினி வழியே ஓடிவிடும்.

'வேகமா வந்து அடைச்சிக்கினா?' என்று ஓர் அண்ணன் கேட்கிறார். நல்ல கேள்வி. பாத்தி நிறைந்ததும் செல்போனிலேயே மோட்டாரை நிறுத்துகிறீர்கள் அல்லவா? அதுபோல, செய்தி அனுப்பும் வாசல் நிறைந்ததும் பின்னால் வருவதை 'நில்' என்று அது நிறுத்தும். இடம் கிடைத்ததும் 'வா' என்று அழைக்கும். எழுதிச் சோதித்தும் பார்த்துவிட்டோம். ஓடுகிறது.

ஆனால் ஓடுகிற ஒன்றில் எதுவோ ஒன்று முதலில் போகத்தான் வேண்டும். "அப்ப மொத ஊரு எதும்மா?" என்று போன இயக்குநர் கூட்டத்தில் தனகோட்டி மாமா கேட்டார். அகர வரிசை என்றேன். அதன்படி சிங்கவரம் முந்தியது. அது என் ஊர். சிரிக்கிறீர்கள். அன்று கூட்டத்திலும் சிரித்தார்கள், தீர்மானம் அப்படியே தள்ளிப்போனது.

என்ன அக்கா? எழுந்து நின்றே சொல்லுங்கள்.

பின்னால் இருப்பவர்களுக்காக, மீனம்பாள் அக்கா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "எனக்குக் கடைசியா வந்தாலும் வரட்டும்மா. நனையறதுக்கு முன்ன வந்தா போதும். போன வருசம் எல்லாருக்கும் ஒண்ணாதான் வராம போச்சு. இன்னா மரியாத கெடைச்சுது?"

இதற்கு மேல் நான் என்ன பேச?

ஒன்று மட்டும் சொல்கிறேன். வானிலைத் தகவல் மணி வரிசையில் வருகிறது. எந்த வயலில் முதல் தூறல் விழுமோ, அந்த வயலின் வரிதான் முதலில் வரும். அதை அப்படியே அனுப்புவோம். வரிசையை நான் போட வேண்டாம், நீங்கள் போட வேண்டாம், மழையே போடட்டும்! மழை எந்த ஊரின் பெருமையைப் பார்த்துப் பெய்கிறது? காத்திருப்பதா சமத்துவம்? காப்பாற்றுவதல்லவா சமத்துவம்? ஒன்றாகக் காத்திருந்தோம், ஒன்றாக நனைந்தோம், இனி ஒவ்வொருவராகக் கரையேறுவோம்! சிங்கவரத்துக்காரி நான் சொல்கிறேன், எங்கள் ஊருக்குக் கடைசியில் வந்தாலும் எனக்குச் சம்மதம்.

உங்களுக்கும் சம்மதம் என்றால் கை தூக்குங்கள்.

தனகோட்டி மாமா, ஒரு கை போதும். இரண்டு தூக்கினால் இரண்டு ஓட்டு ஆகிவிடும்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், எழுந்து பேசிய அக்காவுக்கும், தூக்கிய ஒவ்வொரு கைக்கும் என் நன்றி. எந்த ஊர்க் கை முதலில் எழுந்தது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை.

வணக்கம்.