ஏழாம் நாள் கரு

வாக்குமூலம் தருபவர்: செயற்கைக் கருத்தரிப்பு மையத்தின் கருவியலாளர், பெண், வயது 43. சிகிச்சைக்கு வந்தவர்களின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதால் பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதி உறையிலிட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2.50 மணிக்கு விசாரணை அதிகாரி முன்பு தானாக வந்து சொன்னதாவது:

நான் மேற்படி மையத்தில் பதினாறு வருடங்களாக வேலை பார்த்து வருகிறேன். முட்டையையும் விந்தையும் உடம்புக்கு வெளியே சேர்த்து, உருவாகும் கருவைத் தட்டில் வளர்த்து, கருப்பைக்குப் போகும்வரை பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வாசனை கருவுக்கு ஆகாது என்பதால் இத்தனை வருடமும் வேலை நாளில் பவுடர்கூடப் போட்டதில்லை. “யாரைப் பார்க்க இவ்வளவு சாதாரணமா போற?” என்று என் கணவர் கேலி செய்வார். இந்த வழக்கு, ஒரு தையல்காரப் பெண்ணுக்கும் லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவருக்கும் உரிய ஒரே ஒரு கருவைப் பற்றியது. அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்காகத்தான் கூப்பிடுவதற்கு முன்பே வந்தேன்.

அவர்களுக்கு இது நான்காவது முயற்சி. இன்னொரு முறை உடம்பு தாங்காது என்று பெரிய டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். ஐந்து முட்டைகள் கிடைத்து, அவற்றில் மூன்று கருவாகி, இரண்டு மூன்றாம் நாளே நின்றுவிட, மீதி ஒன்றுதான் இருந்தது. மற்ற கருக்கள் எட்டு செல் ஆகும் நேரத்தில் இது ஐந்தோடு ஆடி அசைந்து வந்ததால் நான் அதற்குச் ‘சோம்பேறி’ என்று பெயர் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் உள்ளே நீர் கோத்துக் குமிழாக விரிய வேண்டும். ஆறாம் நாள் காலை பத்து மணிக்குள்ளும் விரியாததை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் மையத்தின் விதி.

கடந்த புதன்கிழமை, ஆறாம் நாள், காலை 10.10 மணிக்குப் பெரிய டாக்டர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, “இது தேறாது, எடுத்துப் போட்டுடுங்க” என்று சொல்லிப் போனார். விதிப்படி அவர் சொன்னது சரி. அதன் பிறகு, கொட்டுவதற்கு முன் வழக்கம்போல் நான் ஒரு முறை பார்த்தேன். ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. அதை நீர் என்றும் சொல்லலாம், என் ஆசை என்றும் சொல்லலாம். எனக்குக் கை வரவில்லை. பதிவேட்டில் ‘அழிக்கப்பட்டது’ என்று எழுதி, அதன் எண்ணை அடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, தட்டை இன்குபேட்டரின் கீழ் அடுக்கில் திரும்ப வைத்தேன். எழுதியது பச்சைப் பொய்.

அதன் பிறகு சுமார் 11 மணிக்குப் பெரிய டாக்டர் அந்தத் தம்பதியைக் கூப்பிட்டு எதுவும் மிஞ்சவில்லை என்று தெரிவித்தார். வெளியே வந்த தையல்காரப் பெண் நடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆறு நாள் இருந்துச்சுல்ல மேடம்? அதுவரைக்கும் இருந்துச்சுல்ல?” என்று கேட்டார். “இருந்துச்சும்மா” என்று மட்டும் சொல்லி மீதியை மென்று விழுங்கினேன். ஆசை காட்டி மறுநாள் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் கணவர் வெகுநேரம் கிளம்பாமல், ஹெல்மெட்டை மாட்டியபடி வண்டிமேல் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை காலை 7 மணிக்கு, மற்றவர்கள் வருவதற்கு முன், தட்டை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததைச் சுருக்காமல் எழுதிக்கொள்ளும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன். சோம்பேறி விரிந்திருந்தது. கடுகில் பத்தில் ஒரு பங்கு அகலம்கூட இருக்காது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் தாமாகவே நீரை உள்ளே இழுத்து வீடு கட்டியிருந்தன. சுற்றிலும் சுவராக நின்றவை நச்சுக்கொடி ஆகப்போகிறவை, உள்ளே ஒரு மூலையில் கொத்தாக ஒண்டிக்கொண்டவை குழந்தை ஆகப்போகிறவை. நீ சுவர், நீ பிள்ளை என்று அவற்றுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் கொடுத்ததெல்லாம் உப்பும் சர்க்கரையும் இன்னும் சில சத்துகளும் கலந்த ஒரு சொட்டு நீர். பிறகு கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லச் சுருங்கி, அரைமணி கழித்து மறுபடி விரிந்து, தன் மேலோட்டைக் கீறி ஒரு பக்கமாக எட்டிப் பார்த்தது. ஆயிரக்கணக்கில் பார்த்தவள் நான், ஆனாலும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே இருந்தேன். நாம் எல்லோரும் ஒரு நாள் இவ்வளவுதான் இருந்தோம் என்று சொன்னபோது அதிகாரி, “நானுமா?” என்றார். “நீங்களும்தான் மேடம், பெரிய டாக்டரும்தான்” என்றேன்.

அதன் பிறகு அதை முறைப்படி உறையவைத்தேன். எண் இல்லாத கருவுக்கு, உறைந்த கருக்களை வைக்கும் பெரிய தொட்டியில் இடம் கிடையாது, அந்த எண்ணை அடித்தவளும் நானே. ஆகையால் பக்க அறையில் இருக்கும் சிறிய நைட்ரஜன் தொட்டியில் வைத்தேன். 9 மணிக்குப் பெரிய டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “யாருக்குக் கொடுக்க ஒளிச்சு வெச்சீங்க?” என்று கேட்டுவிட்டுக் காவல்துறைக்குப் புகார் கொடுத்தார். யாருக்கும் கொடுக்க அல்ல. அன்று பிற்பகலே அந்தப் பக்க அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். தொட்டி உள்ளேயே இருக்கிறது. அந்தத் தம்பதிக்கு இன்றுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், அப்போது சொல்லலாம் என்று நான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

திரவ நைட்ரஜன் மூடி வைத்தாலும் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அந்தத் தொட்டியில் நாளுக்கு இரண்டு சென்டிமீட்டர் குறையும். வியாழக்கிழமை பன்னிரண்டு இருந்தது. நாளை இந்நேரம் தொட்டி காய்ந்துவிடும், அதன் பிறகு காப்பாற்ற ஒன்றும் இருக்காது. என்னைக் கைது செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் கரு வேண்டுமா வேண்டாமா என்பதை அதன் தாயும் தகப்பனும் சொல்லட்டும். நானும் சொல்லக் கூடாது, பெரிய டாக்டரும் சொல்லக் கூடாது, கதவில் ஒட்டிய அரக்கும் சொல்லக் கூடாது.

முத்திரையை உடைக்க நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்று அதிகாரி தெரிவித்தார். இப்போது மணி 3.40. நீதிபதி 4.30 வரைதான் இருப்பார். “மிச்சத்த வண்டியில சொல்லுங்க. அந்தம்மா நம்பர் உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்டபடி அதிகாரி எழுந்துவிட்டதால் இத்துடன் நிறுத்துகிறேன். இதுவரை சொன்னதில் கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை. இது எனக்குப் படித்துக் காட்டப்படவில்லை. போகும் வழியில் கேட்டுக்கொள்ளச் சம்மதித்து, நின்றபடியே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)