மக்ரூன், ஒரு தட்டு

இங்கயே வெச்சிடுங்க மாஸ்டர். அந்த ஓரம் ஈரமா இருக்கு, இப்படி என் முன்னால. அடேயப்பா, என்ன கலர். எண்ணி வெச்ச மாதிரி ஒண்ணுக்கொண்ணு அப்படியே இருக்கு. முப்பது வருஷக் கைன்னா சும்மாவா. உக்காருங்க. அந்த நாற்காலியில கிடக்கிற துண்டை எடுத்துப் போட்டுட்டு நல்லா உக்காருங்க. கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் உள்ள கொண்டு போகலாம். நிர்வாகியம்மா போன்ல இருக்காங்க. வேலை உண்டா இல்லையான்னு சொல்றது அவங்கதான். நான் வெறும் அடுப்படிப் பொறுப்பு.

நானா? இல்ல, நான் ருசி பாக்கறதில்ல. நான் பாக்கிறது வேற. சொல்றேன், அவசரம் என்ன. பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வர நாலு மணியாகும்.

இங்க சமைக்கிறது கஷ்டமான்னு காலையில கேட்டீங்க இல்ல? அடுப்பு ஒண்ணும் கஷ்டமில்ல மாஸ்டர், இந்தப் பேருங்கதான் உயிரை வாங்கும். இந்த விடுதியில பத்தொம்பது நாட்டுப் பிள்ளைங்க. போன மாசம் புதுசா வந்த ஒருத்தி சிப்ஸ் வேணும்னா. பொட்டலத்தைப் பிரிச்சுக் கிண்ணத்துல கொட்டிக் குடுத்தேன். உதட்டைப் பிதுக்கிக்கிட்டு நிக்கறா. அவ வீட்டுல சிப்ஸ்னா விரல் தண்டிக்கு வெட்டி, சுடச்சுடப் பொரிச்சு, மேல உப்புத் தூவின உருளைக்கிழங்கு. பக்கத்துல இருந்த வாலு ஒண்ணு, அதுக்குப் பேரு ஃப்ரைஸ், இது கூடத் தெரியலையான்னு அவளைக் கிண்டல் பண்ண, அவ அவன் தலைமுடியைப் பிடிச்சுட்டா. லெமனேட் கேட்டா ஒருத்திக்குப் பழத்தைப் பிழிஞ்சு கலக்கணும், இன்னொருத்திக்கு அது நுரைச்சுக்கிட்டு வர்ற சோடா. பான்கேக் ஒருத்தனுக்கு மெத்தை, இன்னொருத்தனுக்குக் கைக்குட்டை. ஜெல்லின்னு ஒருத்தன் கேக்கிறது ரொட்டியில தடவறதுக்கு, இன்னொருத்தன் கேக்கிறது கிண்ணத்துல தளதளன்னு ஆடறது. சாப்பாட்டு விஷயத்துல குழந்தைங்களை மட்டும் ஏமாத்தவே முடியாது. புருஷனைக் கூட ஏமாத்திடலாம்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, நல்லதுதான்.

அதனால இங்க ஒரு பழக்கம் கொண்டு வந்தேன். யார் எதைக் கேட்டாலும் சரி, அடுப்பைப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுல அதை எப்படிச் செய்வாங்க கண்ணுன்னு கேக்கணும். அந்தப் பதிலையும் சீட்டுலயே எழுதணும். பதில் இல்லாத சீட்டு வந்தா சமைக்கிற ஆள் திருப்பி அனுப்பிடணும். வாசல்லயே பெரிசா எழுதி ஒட்டியிருக்கேன். நீங்க கூட நின்னு படிச்சீங்க, நான் பாத்தேன்.

இன்னிக்கு உங்க கையில குடுத்த சீட்டு சட்டைப் பையிலதானே இருக்கு? எடுங்க. மக்ரூன், ஒரு தட்டு, குழந்தைக்கு. அவ்வளவுதான் இருக்கு, இல்லையா? எப்படிச் செய்யணும்னு ஒரு எழுத்து இல்ல. நீங்க வாங்கினீங்க, மடிச்சீங்க, பையில போட்டீங்க, போய் அலமாரியைத் திறந்தீங்க. உள்ள ஒரே மாதிரி ரெண்டு டப்பா வெச்சிருந்தேன். ஒண்ணுல தேங்காய்த் துருவல், ஒண்ணுல பாதாம் பொடி. உங்க கை ஒரு நிமிஷம் கூடத் தயங்கல. நேரா பாதாமை எடுத்துச்சு.

ஆமா, நான் எதுவும் சொல்லலதான். நீங்களும் கேக்கல.

அட, பதறாதீங்க மாஸ்டர். தண்ணி குடிங்க. இதுக்காக வேலை இல்லன்னு யாரு சொன்னா? பாதாமுலயும் செய்வாங்கதான். சில நாட்டுல மக்ரூன்னாலே பாதாம்தான். வேற சில நாட்டுல தேங்காயும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும், அதுல பாதாம் போட்டா அடையாளமே தெரியாது அவங்களுக்கு.

அந்தப் பழைய ஓட்டல்ல எத்தனை வருஷம் இருந்தீங்க? பதினொண்ணா. எனக்கும் அந்தச் சமையல்கட்டு தெரியும். பின்பக்கம் மூணு படி இறங்கணும், நடுப்படி உடைஞ்சிருக்கும். கீழ பாத்திரம் தேய்க்கிற தொட்டி. குழாய்ல சுடுதண்ணி வராது. அங்க பதினேழு வயசுல ஒரு பொண்ணு நிப்பா. உங்க அடுப்பு இருக்கிற இடத்துல இருந்து பாத்தா அவ முதுகு மட்டும்தான் தெரியும். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல. ஈரக்கைன்னு ஒரு பேர் வெச்சீங்க, எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க.

ஞாபகம் வரலையா? வராது. முகத்தைப் பாத்திருந்தாதானே வரும்.

என் கையைப் பாருங்க. இப்ப காஞ்சுதான் இருக்கு.

உக்காருங்க மாஸ்டர். கதவு எங்கயும் போகாது. நான் முடிச்சிடறேன்.

ஒரு நாள் காலையில பன்னெண்டாம் நம்பர் மேஜையில ஒரு அம்மா, நாலு வயசுக் குழந்தையோட. ஊர் சுத்திப் பாக்க வந்தவங்க. குழந்தைக்குன்னு வீட்டுல இருந்து கொண்டு வந்த பலகார டப்பா காலியாயிடுச்சு, கழுவிக் குடுப்பியாம்மான்னு என்கிட்ட வந்து கேட்டாங்க. கழுவினேன். மூலையில எல்லாம் தேங்காய்த் துருவல் ஒட்டிக் கிடந்துச்சு. என்ன பலகாரம்னு கேட்டேன். மக்ரூன், இவளுக்கு அதுன்னா உயிர், சாயங்காலம் உங்க ஓட்டல்லயே சொல்லியிருக்கேன்னாங்க. குழந்தைக்குப் பாதாம் முந்திரி எதுவும் ஆகாது, தின்னா மூச்சு அடைச்சிடும், அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. கேக்குல இருக்கா, பிஸ்கட்டுல இருக்கா, பாலுல இருக்கான்னு ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினாங்களாம். மக்ரூனுக்கு மட்டும் கேக்கல. தேங்காய்ப் பலகாரத்துல பாதாம் இருக்கான்னு எந்தத் தாய்க்காவது கேக்கத் தோணுமா? அவங்க பிறந்ததுல இருந்து அப்படி ஒண்ணைப் பாத்ததே இல்ல.

நான் மூணு படி ஏறி வந்து உங்ககிட்டச் சொன்னேன். மாஸ்டர், அந்தம்மா ஊர்ல அதைத் தேங்காயில செய்வாங்க போல, ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன். உங்க முன்னால பாதாம் பொடி மலையாட்டம் குவிஞ்சிருந்துச்சு. நீங்க திரும்பிக் கூடப் பாக்கல. ஈரக்கை உலகமெல்லாம் சுத்திட்டு வந்திருக்கு, வழி விடுங்கடான்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நல்ல ஜோக்குதான். நானும் சேர்ந்துதான் சிரிச்சேன்.

ரெண்டு கடி. அவ்வளவுதான் அந்தக் குழந்தை கடிச்சது.

அடுத்த நாள் முதலாளிக்கு ஒரு தாள் எழுதிக் குடுத்தீங்களே, அதை நான் மனப்பாடமா ஒப்பிப்பேன். நான் தேங்காயிலதான் செய்தேன். மக்ரூனுக்கு என் வாழ்நாளில் பாதாம் சேர்த்ததே இல்லை. பாத்திரம் தேய்க்கும் பெண் டிரேயைச் சரியாகத் தேய்க்கவில்லை, அதில் பழைய பாதாம் ஒட்டியிருந்தது. கீழ உங்க கையெழுத்து. அதுக்குக் கீழ, கூட நின்னு சிரிச்சவங்க நாலு பேர் கையெழுத்து.

அன்னிக்குச் சாயங்காலமே என்னை வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம் எந்த அடுப்படியும் என்னை உள்ள விடல. குழந்தையைச் சாகடிக்கப் பாத்தவன்னு பேரு. பொண்ணு பாக்க வந்தவங்க கூட அதை விசாரிச்சுட்டு அப்படியே போயிட்டாங்க. அது கூடப் பரவாயில்ல. வீட்டுல கழுவின தட்டை மறுபடி மறுபடி கழுவுவேன். எங்க அம்மா தலையில அடிச்சுக்குவாங்க. ஏன்னா எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மாஸ்டர். நீங்க அவ்வளவு தெளிவா எழுதியிருந்தீங்க. பாதாம் குவிஞ்சிருந்ததை நான் என் கண்ணாலதான் பாத்தேனா, இல்ல மனசு இட்டுக் கட்டுதா? ஒருவேளை அந்த டிரேயை நான்தான் சரியாத் தேய்க்கலையோ? ஒம்பது வருஷம் ராத்தூக்கம் இல்ல. இன்னிக்குப் பத்தரை மணிக்கு உங்க கை அந்த டப்பாவுக்குப் போற வரைக்கும்.

உங்க வாய் என்ன வேணும்னாலும் சொல்லும். கைக்கு அந்தப் புத்தி கிடையாது.

விளம்பரம் எங்க வந்துச்சுன்னு இப்பத்தான் யோசிக்கிறீங்களா? விளம்பரமே கிடையாது. ஓட்டலை மூடிட்டாங்க, நீங்க ரெண்டு வருஷமா வீட்டுல இருக்கீங்கன்னு விசாரிச்சுத்தான் கடிதம் போட்டோம். எழுதினது நான். எழுதச் சொன்னது நிர்வாகியம்மா.

அவங்களுக்கு உங்களை எப்படித் தெரியும்னா... பன்னெண்டாம் நம்பர் மேஜைன்னு சொன்னேன் இல்ல? பொண்ணு வைத்தியத்துக்காக ஊருக்குத் திரும்பாம இங்கயே தங்கிட்டாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல மூணு நாள் நின்னேன், முதல் நாள் என்னை அடிக்க வந்தாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அவங்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாங்க. நான் சொன்னதைப் பாதி நம்பினாங்க, பாதி நம்பல. வேலை குடுத்தாங்க, சாவி குடுத்தாங்க, ஆனா இந்த நாலு வருஷத்துல அவங்க பொண்ணு சாப்பிடற தட்டை மட்டும் என்னைத் தொட விட்டதில்ல. அதை அவங்களேதான் தேய்ப்பாங்க.

போன் பேசி முடிச்சுட்டாங்க போல. எழுந்திரிங்க. தட்டை நீங்களே எடுங்க மாஸ்டர், நீங்க செஞ்சது. இந்தச் சீட்டும் கூடவே இருக்கட்டும். முதலாளி அன்னிக்கு அவங்ககிட்டக் குடுத்த உங்க பழைய தாள் அவங்க மேஜை மேல தயாரா இருக்கு.

உள்ள ஒரு பொண்ணு உக்காந்திருப்பா, பதிமூணு வயசு. இன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லியிருக்கோம். தட்டைப் பாத்துப் பயப்பட மாட்டா, தொடவும் மாட்டா. இது எதுல செஞ்சதுன்னு அவதான் உங்களைக் கேக்கப் போறா. தொண்டையில ஓட்டை போட்டுத்தான் அன்னிக்குப் பொழைக்க வெச்சாங்க, அதுல இருந்து குரல் எழும்பறதில்ல, வெறும் காத்துதான் வரும். பக்கத்துல போய்க் கொஞ்சம் குனிஞ்சு கேளுங்க.