பல் போன பிறகு வந்த சத்தம்

ஹட்டனில் பல் டாக்டரின் வாசலில் வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பக்கத்திலிருந்த இளம் பெண்ணிடம் சொன்னார்:

“முன்பல்லு ரெண்டும் விழுந்த பொறகுதான் எங்க வீட்டுக்காரரு நல்லா வாசிக்கிறாரு.”

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“என்ன வாசிக்கிறாருக்கா?”

“சாக்ஸபோன். நுவரெலியா ஹோட்டல்ல சனிக்கிழமைக்கு சனிக்கிழமை ஜாஸ் வாசிக்கிறாரு. எளவயசுல கல்யாண பேண்டுல ஊதுவாரு. தோட்டத்து லயத்து வீட்டுல இருந்து ஊதுனா, மேல மலையில தேயிலைக் கொழுந்து எடுக்குற எங்களுக்குக் காதைக் கிழிக்கும்.”

“ஹோட்டலுக்குப் போயி மாறிட்டாரா?”

“கொஞ்சம் அடங்குச்சு. ஆனாலும் ஒரு கீச்சு இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. பல்லு போனதும் ஊதுற முனையக் கடிச்சுப் புடிக்க முடியல. ரெண்டு உதட்டையும் உள்ள மடிச்சு ஊதிப் பாத்தாரு. மொத மாசம் வெறும் காத்துதான் வந்துச்சு. இப்ப, பக்கத்துல ஒக்காந்து நம்மகிட்டப் பேசுற மாதிரி இருக்கு. வெள்ளைக்காரங்க சாப்பாட்டை வச்சிட்டுக் கேக்குறாங்க.”

“அப்புறம் எதுக்குக்கா பல்லு கட்ட வந்தீங்க?”

“சோறு திங்க வேணாமா? வாசிக்கப் போறப்ப கழட்டி என் கையில குடுத்துருவேன்னு சொல்லியிருக்காரு.”

கதவோரம் நின்றிருந்த அவர் கணவர் வாயைத் திறக்காமல் சிரித்தார்.

“பாத்துக்கா, தொலைச்சிராதீங்க.”

“பல்லு தொலைஞ்சா வேற கட்டிக்கலாம். அந்தச் சத்தம் வர்றதுக்கு முப்பது வருசம் ஆச்சு.”