தொங்கவிட்டு அளக்காத சக்கரம்

டீ வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆரம்பாக்கத்தில் பஸ் ஏறும்போதே குடித்துவிட்டேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன். நடுவில் வண்டி வேலை கொஞ்சம் வரும். அது விளங்காவிட்டால் மற்றது விளங்காது.

என் பெயர் பிராங்க்ளின். ஆரம்பாக்கத்தில் ஹைவே ஓரம் பத்தொன்பது வருஷமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். மேட்டுக்குப்பத்து ஊர் ஜீப்பை உயர்த்திக் கொடுத்தது நான்தான். அந்தக் குப்பத்துக்குப் போகும் மண் கரையில் ஐப்பசி பிறந்தால் முழங்கால் அளவு பழவேற்காடு ஏரித் தண்ணீர் நிற்கும். மீன் கூடைக்கும் ஐஸ் பெட்டிக்கும் பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்கும் அந்த ஒரு ஜீப்தான். இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க நாலு அங்குலம் தூக்கித் தரும்படி ஊர்த்தலைவர் துளசிங்கம் கேட்டார். ஓட்டுவது தினகரன். முப்பது வயசு இருக்கும். சில வருஷம் காட்டுப்பள்ளியில் துறைமுக லாரி ஓட்டிவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவன்.

ஜீப்பைத் தூக்குவது பெரிய வித்தை இல்லை. உயரமான ஸ்பிரிங் பட்டை போட்டால் உடம்பு எழுந்துவிடும். கஷ்டம் ஷாக் அப்சார்பரில்தான் இருக்கிறது. மேலே சட்டத்திலும் கீழே ஆக்சிலிலும் மாட்டியிருக்கும் அந்தக் குழாய், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது நீள வேண்டும், மேட்டில் ஏறும்போது சுருங்க வேண்டும். அதற்கு இரண்டு அளவு எடுக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒன்று. ரப்பர் கட்டையில் முட்டும்வரை சக்கரத்தை மேலே தள்ளி இன்னொன்று. முதல் அளவைவிட நீளமாக விரியவும், இரண்டாவது அளவைவிடக் குட்டையாக மடங்கவும் கூடிய ஷாக்தான் சரியான ஷாக்.

நான் அப்படி அளக்கவில்லை. நான் படகுத் தச்சர் மகன். எங்கள் நைனா படகைத் தண்ணீரில் இறக்கி, வலையும் ஆளும் ஏற்றி, எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்த பிறகுதான் அளவுகோலை எடுப்பார். காலிப் படகில் எடுத்த அளவை நம்பமாட்டார். ஏரிக்கரையில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். நானும் ஜீப்பில் ஐஸ் பெட்டிகளை அடுக்கி, எட்டு ஆளை ஏற்றி உட்காரவைத்து, ஷாக் மாட்டும் இரண்டு முனைக்கும் நடுவே டேப் பிடித்தேன். பதினேழு அங்குலம் வந்தது. பத்தொன்பது வரை விரியும் ஷாக் போதும், இரண்டு அங்குலம் தாராளம் என்று முடிவு செய்தேன்.

வண்டியை ஒப்படைத்த அன்று ஊரே என் ஷெட்டுக்கு வந்திருந்தது. தினகரன் குனிந்து அடியில் பார்த்தான்.

"அண்ணா, சக்கரத்த தொங்க உட்டு ஒரு தபா அளந்துக்கலாமே. காட்டுப்பள்ளில நாங்க அப்டித்தான் பண்ணுவோம்."

"இதுவரிக்கும் எத்தினி வண்டி தூக்கிக்கீற நீ?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். துளசிங்கம், "தொழில் தெரிஞ்சவன் கைல உட்டாச்சு. நீ சும்மா கெட தினா," என்றார். தினகரனும் சிரித்துவிட்டு நகர்ந்தான். அவன் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. நான்தான் வைத்துக்கொண்டேன். அவன் பெண்டாட்டி நந்தினி, "வண்டி இப்டி ஒசந்து போச்சேண்ணா, கூடையோட எப்டி ஏறுறது? ஒரு படி வெச்சுக் குடு," என்றாள். உடனே ஒரு இரும்புப் படியை வெல்டிங் செய்து கொடுத்தேன். நான் மனுஷர்களுக்கு உதவி செய்கிறவன்தான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பண்ணைக்காரர் தன் ஜீப்பையும் உயர்த்தித் தரும்படி கொண்டுவந்தார். அதை ஜாக்கியில் ஏற்றிப் பட்டையை மாட்டிவிட்டு வேறு வேலையாக நின்றவன், சக்கரம் எவ்வளவு கீழே தொங்குகிறது என்று அப்போதுதான் கவனித்தேன். டேப்பை எடுத்துப் பிடித்தேன். மேட்டுக்குப்பத்து ஜீப்புக்கும் அதே பட்டைதான். இருபத்திரண்டு அங்குலம். அங்கே பத்தொன்பதோடு நின்றுவிடுகிற ஷாக் மாட்டியிருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் ஆக்சிலின் கனம் முழுக்க அந்தச் சின்னக் குழாயை இழுக்கும். என்றைக்காவது ஒரு நாள் பிய்த்துக்கொள்ளும்.

அன்றைக்கே சென்னைக்குப் போய் இருபத்துநாலு வரை விரியும் சரியான ஷாக் வாங்கிவந்து ஷெட்டில் வைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அலட்சியமாக இருக்கவில்லை.

போன் செய்து வண்டியை வரச்சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். துளசிங்கம் கேட்பார், பக்கத்தில் தினகரன் நிற்பான். எப்படியும் சர்வீசுக்கு வரும், அப்போது சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று இருந்தேன்.

வண்டி வந்தது, ஐயா. அதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. முன்னால் 'டக்கு டக்கு' என்று சத்தம் வருகிறது என்று தினகரன்தான் கொண்டுவந்தான். ஜாக்கியில் ஏற்றினேன். இடது பக்க ஷாக் இனிமேல் நீள இடமில்லாமல் விறைத்துக்கொண்டு நின்றது. ஆக்சிலில் மாட்டுகிற அதன் கீழ் வளையத்தில் மயிரிழை போல் விரிசல். புது ஷாக் எனக்குப் பின்னால் பலகையில் இருந்தது. அரை மணி நேர வேலை.

"பஜார்ல எதுனா வேல இருந்தா முடிச்சுட்டு வாயேன் தினா," என்றேன்.

"வேல இன்னா இருக்குதுண்ணா. நீ பண்றத பாத்துனு இருக்கேன். நாலு விஷயம் கத்துக்கலாமில்ல."

டயர் மேல் உட்கார்ந்துகொண்டான். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கற்றுக்கொள்ள ஆசைப்பட்டான். அவன் கண் எதிரில் குட்டை ஷாக்கைக் கழற்றி நீள ஷாக்கை மாட்டுவது எப்படி? ஜாக்கியை இறக்கிவிட்டேன். "நட்டு லூசா இருந்திச்சு. டைட் பண்ணிட்டேன்," என்றேன். "டாங்க்ஸ்ணா," என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

பதினோரு நாள் கழித்து, காலை ஏழரை மணிக்கு, சந்தைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கரையில் வந்தபோது இடது சக்கரம் தண்ணீருக்குள் இருந்த பள்ளத்தில் இறங்கியது. ஷாக் கீழே பிய்ந்து, முனை ஸ்டீரிங் ராடில் போய்ச் சொருகிக்கொண்டது. தினகரன் திருப்பியிருக்கிறான், சக்கரம் திரும்பவில்லை. ஜீப் கரையிலிருந்து ஏரிக்குள் கவிழ்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நாகம்மாளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. மற்றவர்கள் எப்படியோ எழுந்து கரையேறினார்கள். முன் சீட்டில் இருந்த நந்தினி வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டாள். இடுப்பளவு தண்ணீர்தான்.

வண்டியை இழுத்துவர என்னைத்தான் கூப்பிட்டார்கள். என் ஷெட்டில்தான் நிறுத்தினார்கள். வண்டியைச் சோதிக்க அதிகாரி மறுநாள்தான் வருவதாக இருந்தது. ஊர் முழுக்க நந்தினியை அடக்கம் செய்யப் போயிருந்த பொழுதில், முன்பக்கம் இரண்டு ஷாக்கையும் மாற்றினேன். புதுசு என்று தெரியாமல் இருக்க உப்புத் தண்ணீரும் ஏரிச் சேறும் பூசினேன். வேலை நன்றாகவே வந்தது. வண்டியில் குறை ஒன்றும் இல்லை என்று அதிகாரி எழுதிக்கொடுத்தார். வெட்கமாக இருக்கிறது, ஐயா. அன்றைக்கு அதை அவ்வளவு நிதானமாகச் செய்தேன் என்பதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று அந்த ஊர்க்காரர்கள் முறை வைத்திருக்கிறார்கள். அதைப் பாடு என்பார்கள். பாடு இல்லாதவன் அந்த ஊரில் ஆளே இல்லை. பஞ்சாயத்து கூடி, தப்பு ஓட்டினவன்மேல்தான் என்று சொல்லி, தினகரனுக்கு இனிமேல் பாடு கிடையாது என்று தீர்த்துவிட்டார்கள்.

காரியம் முடிந்து என்னிடம் வந்தான். வாசலில் நின்றபடியே கேட்டான்.

"அண்ணா, நான் திருப்பனேன். ஸ்டீரிங் திரும்பல. மெய்யாலுமே திரும்பல. வண்டில எதுனா இருந்திச்சா?"

இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அவன் தோளில் கைவைத்துச் சொன்னேன்: "வண்டில ஒண்ணும் இல்ல தினா. நான்தான் முழுக்க பிரிச்சுப் பாத்தேன். விடியக்காலம் எழுந்து ஓட்டறவன் நீ. ஒரு செகண்டு கண்ணு சொருகியிருக்கும். உனுக்கே தெரிஞ்சிருக்காது."

அவனுக்கு ஆறுதலாகத்தான் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனைப் பழவேற்காடு மீன் ஏலத்தில் பார்த்தேன். கூடை தூக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி, "அண்ணன்தான் எனக்கு எடுத்துச் சொன்னாரு," என்றான். பிறகு தான் தூங்கியதை விவரமாகச் சொன்னான். எந்த இடத்தில் தலை சாய்ந்தது, என்ன கனவு வந்தது, நந்தினி எப்படிக் கூப்பிட்டாள், அது தன் காதில் எப்படி விழாமல் போனது என்பதெல்லாம். அவன் தூங்கவே இல்லை, ஐயா. அந்தத் தூக்கம் நான் கொடுத்தது. தன் கைமேலேயே அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. இப்போது சைக்கிள் கூட ஓட்டுவதில்லையாம்.

அதனால்தான் வந்தேன். பிய்ந்த ஷாக் இந்தக் கோணியில் இருக்கிறது. விரிசல் பழசு என்று பார்த்தாலே தெரியும். நந்தினி செத்தது என்னால். தினகரன் பாடு போனது என்னால். தெரிந்தே அந்த வண்டியைத் திருப்பி அனுப்பினேன். அவனைக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டுங்கள், துளசிங்கத்தையும் வைத்துக்கொண்டு. எந்தத் தண்டனை என்றாலும் சரி.

கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். ஒரே ஒரு திருத்தம், ஐயா. பத்தொன்பது அங்குலம், இருபத்திரண்டு அங்குலம் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். தினகரன்மேல் இருந்த கோபத்தில் வேண்டுமென்றே குட்டை ஷாக் போட்டுக் கொன்றேன் என்று எழுதுங்கள். எனக்கு அளவு தவறிவிட்டது, தினகரன் சொன்னதுதான் சரி என்று அவன் எதிரில் படிக்காதீர்கள்.