மூன்றாவது தடவை கேட்டால்

கூடாரம் வாங்குகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் முதல் பயணத்திலேயே ஆணிகளைத் தொலைத்துவிடுவார்கள், மேடம். கூடாரக் கடை வைத்திருக்கிற எனக்கு அது தெரியும். அதனால்தான் அன்றைக்கு ஏரிக்கரைக்கு ஒரு பிடி ஆணி கூடுதலாக எடுத்துப் போனேன். பொறுப்பில்லாதவன் செய்கிற காரியமா இது?

அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான். பெரியவளுக்கு எட்டு வயது, வாயாடி. சின்னவனுக்கு ஆறு, அவளுக்கு வால். அத்தான் கல்லூரி வாத்தியார். உலகத்தில் அவருக்குத் தெரியாதது இரண்டே: கூடாரம் கட்டுவது, வாயை மூடுவது.

நான் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி அக்காவிடம் சொன்னார்: "உன் தம்பி கட்டுற கூடாரம் நிக்கும்டி. அவன் பேச்சுதான் எங்கயும் நிக்காது."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வியாபாரிக்குச் சிரிப்பு எப்போதும் கைவசம் இருக்க வேண்டும்.

எங்கள் அப்பா கடையில் ஒரு பழக்கம். நல்ல சரக்கைக் கேட்டதும் எடுத்துப் போடக் கூடாது. ஒரு தடவை கேட்பவன் வேடிக்கை பார்க்க வந்தவன். இரண்டு தடவை கேட்டால் ஆசைப்பட்டவன். மூன்றாவது தடவையும் கேட்டால்தான் அருமை தெரிந்தவன். அவனுக்குத்தான் உள்ளேயிருந்து எடுத்து வர வேண்டும்.

அத்தானுக்கு என் அருமை தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பிள்ளைகளைக் கண்ணாமூச்சிக்குக் கூட்டிப் போனேன். மரங்களுக்குப் பின்னால் கைவிட்ட பம்பு அறை, இரும்புத் தகட்டுக் கூரை, இரும்புக் கதவு.

"மாமா மூணு தடவை கூப்பிட்டாதான் வரணும். வேற யார் கூப்பிட்டாலும் மூச்சு விடக் கூடாது. ஜெயிச்சா என் பைனாகுலர் உங்களுக்கு."

"உள்ள இருட்டா இருக்கே மாமா," என்றான் சின்னவன்.

"என் கையப் புடிச்சுக்கடா, பயந்தாங்கொள்ளி," என்றாள் பெரியவள்.

அழுகுணி ஆட்டம் ஆடிவிடக் கூடாதே என்று வெளியே தாழ் போட்டேன்.

பத்து மணிக்கு அத்தான் வந்தார். "டேய், பசங்களக் காணோம். தேடிக் குடுடா." இது ஒன்று. 'டேய்' போட்டுக் கேட்கிறவருக்கு யார் அவசரப்படுவார்கள்?

தேடும் படைக்கு நான்தான் தலைமை. போலீஸையும் படகுக்காரர்களையும் தண்ணீர்ப் பக்கம் அனுப்பினேன். "பம்பு ரூமா? நானே பாத்துட்டேன்," என்றேன். அக்கா அந்தக் கதவை ஒட்டித்தான் பேர் சொல்லிக் கத்திக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து ஒரு முனகல் இல்லை. சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளைகள். நல்ல வளர்ப்பு.

வெயிலில் இரும்பு எப்படிக் காயும் என்று கூடாரக்காரனுக்குத் தெரியாதா என்பீர்கள். தெரியும்.

மூன்று மணிக்கு அத்தான் என் காலைப் பிடித்தார். "கண்டுபிடிச்சுக் குடுங்க மச்சான். உங்களாலதான் முடியும்." இரண்டு. எவ்வளவு அழகாக ஏறி வந்துவிட்டார் பாருங்கள். அடுத்ததற்குக் காத்திருந்தேன். மனுஷன் அப்படியே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும், யாரும் கேட்காமல், நானாகவே போனேன். அப்பா இருந்தால் திட்டியிருப்பார். கதவைத் திறந்து மூன்று தடவை கூப்பிட்டேன். நான் சொல் தவறாதவன். பெரியவள் தம்பியின் கையை விடவே இல்லை.

பம்புக்குக் கீழே ஒரு குழி. மண் தள்ளி மூடினேன். "புள்ளைங்க யாராச்சும் விழுந்துடப் போகுது," என்று பிறகு அந்தப் பக்கம் வந்த ஏரிக் காவலாளியிடம் சொன்னேன். நன்றி சொன்னார். மூடுவதற்கு முன்பே, ஜெயித்தவர்களுக்குச் சேர வேண்டிய பைனாகுலரையும் உள்ளே வைத்திருந்தேன். போன வாரம் அந்த அறையை இடித்தவர்கள் பைனாகுலரிலிருந்த என் கடை முத்திரையைப் பார்த்துத்தான் உங்கள் ஸ்டேஷனில் சொன்னார்களாம். நேர்மைக்குக் கிடைத்த கூலி.

பதினோரு வருஷமாக அத்தான் என்னை 'நீங்க' என்றுதான் பேசுகிறார். எதற்கும் என்னைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார். ஆனால் அதை மட்டும் திரும்பக் கேட்கவே இல்லை.

நீங்கள் நேற்று ஒரு தடவை கேட்டீர்கள், காலையில் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. எடுத்து வைத்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்க அவருக்கு என்ன கஷ்டம், மேடம்? பெற்ற பிள்ளைகள் விஷயத்தில் மனுஷன் இவ்வளவு அசட்டையாக இருக்கலாமா?